நீட்டிய கையில் ஒரு தாள்

என்னிடம் முப்பத்தொரு நாட்குறிப்புகள் இருக்கின்றன, வருடத்துக்கு ஒன்றாக. கிழமை, திதி, மழை பெய்ததா, எந்த ஊரில் இருந்தேன், எத்தனை மணிக்கு வீடு திரும்பினேன் என்று ஒவ்வொரு நாளுக்கும் நாலைந்து வரியாவது இருக்கும். காய்ச்சலில் படுத்த நாட்களைக்கூட எழுந்ததும் எழுதி முடித்திருக்கிறேன். போன வருட நாட்குறிப்பில் மட்டும் ஒரு தாள் இல்லை. அது ஒரு வியாழக்கிழமை. தாளின் பின்பக்கம் இருந்த வெள்ளிக்கிழமையும் கூடவே போய்விட்டது. கிழித்தவன் நான்தான்.

மனநல மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் செவிலியர்கள் சிலர் சேர்ந்து கொண்டுவரும் ஆண்டுமலருக்கு என் அனுபவத்தைக் கேட்டார்கள். "இப்ப எல்லாமே ஸ்கிரீன்ல வந்துடுச்சு சார், ரிஜிஸ்டர் காலத்தப் பத்தி எழுதுங்க" என்றார்கள். ரிஜிஸ்டர் காலம் உயர்ந்தது என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ரிஜிஸ்டரிலும் பொய் எழுதலாம், எழுதியிருக்கிறேன். அதையும், அந்தத் தாளைக் கிழித்ததையும் இங்கே சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாதமும் கிழமையும் திதியும் நாட்குறிப்பில் உள்ளபடியே. வருடத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். வருடம் தெரிந்தால் அவள் ஊர்க்காரர்கள் அவளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

என்னை அருளப்பன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் கண்டமங்கலம் பக்கம். செவிலியர் படிப்பு, பிறகு மனநலப் பிரிவில் ஒரு வருடப் பயிற்சி, பிறகு விழுப்புரத்தில் ஒரு சிறிய அறக்கட்டளை மருத்துவமனை. சேர்ந்த இடத்திலேயே ஓய்வும் பெற்றேன். வாரத்தில் ஐந்து நாள் விழுப்புரம் வார்டு. வியாழக்கிழமைகளில் மட்டும் வேனில் திண்டிவனம் போவோம். அங்கே பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் எங்கள் புறநோயாளிப் பிரிவு. டாக்டரம்மா, நான், வேன் ஓட்டும் காசிம் பாய், மூன்று பேர்தான். காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரைக்கும். ஓமந்தூர், மயிலம், செஞ்சி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள்.

அதிகம் வந்தது இருதுருவ மனநோய்க்காரர்கள். இந்த நோய் இருப்பவருக்குச் சில வாரங்கள் தூக்கமே தேவைப்படாது. பேச்சு நிற்காது, களைப்பு தெரியாது, உலகமே தன் கையில் இருப்பதுபோல இருக்கும். பிறகு எல்லாம் அணைந்துபோய், எழுந்து முகம் கழுவுவதுகூட மலையேறுவது போலாகும். இரண்டுக்கும் நடுவில் முழுச் சுகத்தோடு இருக்கும் மாதங்கள் உண்டு. குடும்பத்தை ஏமாற்றுவது அந்த நடு மாதங்கள்தான். "நல்லாயிட்டா சார், இனிமே எதுக்கு மாத்திரை?" என்பார்கள்.

தேதிப் பித்து பிடித்தவனாக இருந்ததால் டாக்டரம்மா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் கட்டம் போட்ட தாளில் ஒரு வரைபடம். நடுவில் ஒரு கோடு, மாதங்கள் வரிசையாக. ஏற்றம் வந்த நாட்களைக் கோட்டுக்கு மேலே தீட்டுவேன், இறக்கம் வந்த நாட்களைக் கீழே. ஒரு ஆளின் பத்து வருடத்தை ஒரு தாளில் பார்த்துவிடலாம். எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் "அமாவாசை வந்தா வருது சார்" என்பார்கள். சரி, பார்த்துவிடலாம் என்று பஞ்சாங்கங்களை வைத்துக்கொண்டு எல்லா வரைபடங்களிலும் அமாவாசைகளுக்குக் கறுப்புப் புள்ளி வைத்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க அதே வேலை. புள்ளிகளுக்கும் ஏற்ற இறக்கங்களுக்கும் ஒரு ஒழுங்கும் தெரியவில்லை.

டாக்டரம்மா சிரித்தார். "மாசாமாசம் வர்ற விஷயம் அருள். எது நடந்தாலும் கிட்டக்க ஒரு அமாவாசை இருந்தே தீரும்."

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியானவர், உரக்கப் பேசமாட்டார், யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. லித்தியம் மாத்திரை சாப்பிடுகிற ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு தடவையும் ஏழு கேள்வி கேட்பார். தூக்கம், தாகம், சோறு, வயிறு, கை, நடை, மாத்திரை. வரிசை மாறாது. கேட்கும்போது பேனாவை மூடி மேசையில் வைத்துவிடுவார். பதில் முழுதாக வந்த பிறகுதான் பேனாவைத் திறப்பார். ஏழு கேள்விக்கு ஏழு தடவை திறந்து ஏழு தடவை மூடுவார். "கேட்டுட்டு எழுது. எழுதிக்கினே கேட்டா, எழுதுறதுதான் காதுல விழும்" என்பார்.

"கை" என்ற கேள்விக்கு ஒரு சடங்கு உண்டு. மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். நோயாளி வலது கையை உள்ளங்கை தரையைப் பார்க்க நேராக நீட்ட வேண்டும். விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைப்பார். கைநடுக்கம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தாலும் தாளுக்குத் தெரிந்துவிடும். லேசான நடுக்கம் என்றால் ஓரம் மட்டும் சிலிர்க்கும். அது மாத்திரையின் வழக்கமான தொந்தரவு, பயமில்லை. தாள் சரசரவென்று சத்தம் போட்டால் ரத்தப் பரிசோதனை. தாள் நிற்காமல் விழுந்தால் உடனே படுக்கை. விசிறி நின்ற அறையில், வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுத் தாளின் சத்தத்துக்குக் காது கொடுப்பார்கள்.

லித்தியம் ஒரு உப்பு. உடம்புக்குள் அது சாப்பாட்டு உப்பின் கூடவே நடக்கிறது. உப்பு போதுமான அளவு இருந்தால் சிறுநீரகம் மிச்ச லித்தியத்தை வெளியே தள்ளிவிடும். சாப்பாட்டில் உப்பு நின்றுபோனால், தண்ணீர் குறைந்தால், வேர்வை அதிகமானால், சிறுநீரகம் லித்தியத்தையும் உப்பு என்று நினைத்து இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் ரத்தத்தில் நாளுக்கு நாள் ஏறும். குணப்படுத்திய மருந்து ஆளைக் கொல்லும் அளவுக்கு ஏறும். ஏழு கேள்வியில் தாகம், சோறு, வயிறு மூன்றும் இதற்காகத்தான்.

அஞ்சலைக்கு ஓமந்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். எங்களிடம் வந்தபோது முப்பத்திரண்டு வயது. புருஷன் ஏழுமலைக்கு இரண்டு காணி சொந்த நிலம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடுவார். முதல் தடவை அவர் அவளைக் கூட்டிக்கொண்டு வந்ததற்குக் காரணம், அவள் பக்கத்து நிலத்து மல்லாட்டைச் செடியெல்லாம் பால்காயிலேயே பிடுங்கிப் போட்டிருந்ததுதான்.

"மண்ணுக்குள்ள முத்திப்போயி கூப்புடுது டாக்டரம்மா. எனக்குக் கேக்குது. இவருக்குக் கேக்கல, அதுக்கு நான் என்ன பண்றது?" என்றாள் அஞ்சலை. கையில் ஒரு பிஞ்சு வைத்திருந்தாள்.

"நாலு நாளா தூங்கல டாக்டர்" என்றார் ஏழுமலை. "தெருவுல இருக்குற கட்டில எல்லாம் இழுத்துக்கினு வந்து கழுவுறா. மழைக்கு முந்தி கல்யாணம்னு கரும்பு மெஷின்காரனுக்கெல்லாம் பத்திரிகை வெச்சிட்டா. யாருக்குக் கல்யாணம்னு கேட்டா, எல்லாருக்கும்ங்கறா."

அந்த ஏற்றம் இறங்கியபின் நாற்பது நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிறகு லித்தியம் பிடித்துக்கொண்டது. இரண்டு வருடம் ஒரு ஏற்றமும் இல்லை, ஒரு இறக்கமும் இல்லை. அவளே தன் நோய்க்குப் பெயர் வைத்திருந்தாள்: ஏற்றம் "ஓட்டம்", இறக்கம் "கெடப்பு". அவளுடைய வரைபடத்தைக் காட்டியபோது நேராகப் போன கோட்டை விரலால் தடவிக்கொண்டே வந்தாள்.

"சினிமாவுல செத்துப்போனா டிவியில இப்பிடித்தான் சார் கோடு போவுது."

"அது இதயம்மா. இது வேற."

"தெரியும் சார். சும்மா சொன்னேன்." சிரித்தாள். "ஆனா நீங்க போட்ட புள்ளியெல்லாம் பாத்துக்கினே இருக்குதே."

அவள் காட்டியது அமாவாசைப் புள்ளிகளை. நேர்க்கோட்டுக்கு அடியில் இரண்டு வருடத்துக்கு வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். அந்தத் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

அந்த வருடம் சித்திரைப் பௌர்ணமி புதன்கிழமை வந்தது. மறுநாள் வந்த வியாழனை விட்டு, அதற்கு அடுத்த வியாழன், டாக்டரம்மா சென்னையில் உறவினர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். பழைய நோயாளிகளுக்கு அதே மாத்திரையைக் கொடுத்து அனுப்புவது மட்டும் என் பொறுப்பு. சந்தேகம் இருந்தால் போனில் கேட்க வேண்டும். காற்றில்லாத நாள். கூட்டம் வாசல் வரைக்கும் நின்றது. காசிம் பாய் வேறு, "ஜல்தி முடிங்க சார், ஒரு மணிக்கு மேல டயரு ரோட்டுல ஒட்டிக்கும்" என்று கதவருகில் நின்று பேஜார் பண்ணிக்கொண்டிருந்தார்.

அஞ்சலை வந்து உட்கார்ந்தாள். உதடு காய்ந்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். அன்று எல்லார் உதடும் காய்ந்துதான் இருந்தது. இரண்டு வருடம் நேர்க்கோட்டில் இருப்பவள், எதைக் கேட்பது? ரிஜிஸ்டரில் அவள் பக்கத்தைத் திறந்து ஏழு கட்டத்திலும் டிக் போட்டேன். தூக்கம், தாகம், சோறு, வயிறு, கை, நடை, மாத்திரை. ஏழுக்கும் சேர்த்து ஒரு வாய் காபி குடிக்கிற நேரம் ஆகியிருக்காது. நிமிர்ந்தபோது அவள் வலது கையை நேராக நீட்டி வைத்திருந்தாள், உள்ளங்கை தரையைப் பார்க்க. மாத்திரைக்குத்தான் நீட்டுகிறாள் என்று நினைத்தேனா, அல்லது நினைத்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறேனா, தெரியவில்லை. அந்தக் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையில் மாத்திரைக் கவரை வைத்தேன்.

அவள் கவரைப் பார்த்தாள். பிறகு எழுந்து போனாள். அன்றைய நாட்குறிப்பில், "கூட்டம் அதிகம். 2.10க்கு முடிந்தது" என்று எழுதியிருக்கிறேன்.

அடுத்த வியாழன் அமாவாசை. டாக்டரம்மா திரும்பியிருந்தார். பதினொரு மணி இருக்கும். அஞ்சலையின் தெருவைச் சேர்ந்த ஒரு அம்மா தன் மகனுக்கு மாத்திரை வாங்க வந்திருந்தார். டாக்டரம்மா சும்மா கேட்டார்: "அஞ்சல எப்பிடி இருக்கா?"

"அவளுக்கென்னம்மா, அங்காளம்மா எறங்கிட்டா!" அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மூணு நாளா சாமிதான் பேசுது. கை காலெல்லாம் ஆடுது, கண்ணு ஒரு நெலையில இல்ல. ஊரே போயி விழுந்து கும்புடுது. காலையிலதான் மலையனூருக்கு அழைச்சிக்கினு போனாங்க."

"எத்தன நாளா வெரதம்?"

"பௌர்ணமியிலேர்ந்து. ரெண்டு வருசம் நோவு இல்லாம இருந்தா வரேன்னு வேண்டிக்கினாளாம். ஒரு வேளை கேப்பைக் கூழு. உப்பு போடாத கூழு."

டாக்டரம்மா பேனாவை மூடி மேசையில் வைத்தார். கேள்வி யாருக்கென்று எனக்குத் தெரிந்துவிட்டது. ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பி, போன வியாழக்கிழமை வரியைப் பார்த்தார். ஏழு டிக். மூன்றாவது கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"கேட்டியா?"

"கேட்டேன் மேடம்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஏழுமலையின் போனுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. "காசிமைக் கூப்புடு. நீ கூடப் போ. நான் வந்தா இங்க இருக்குற முப்பது பேரும் அப்பிடியே நிக்கணும். கையில தாளை வை. நிக்கலன்னா ஒரு மாத்திரையும் குடுக்க விடாத, நேரா விழுப்புரம் கொண்டுவந்துடு. அவங்களுக்குத் தெரிஞ்ச வார்த்தையில சொல்லு. சண்டை போட்டா ஆள் போயிடுவா."

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசை அன்று போனவர்களுக்கு அந்தக் கூட்டம் தெரியும். செஞ்சியைத் தாண்டியதுமே பேருந்துகள் வரிசையாக நின்றுவிட்டன. வேனைப் புளியமரத்தடியில் விட்டுவிட்டு நானும் காசிம் பாயும் நடந்தோம். வெயிலில் தார் வாசனை. எலுமிச்சை, வேப்பிலை, மஞ்சள் தண்ணீர், மனிதர்கள். "எப்பிடி சார் கண்டுபுடிப்பீங்க? இது கடலு" என்றார் பாய்.

கண்டுபிடிக்கத் தேவை இருக்கவில்லை. கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு பந்தலின் கீழ் ஒரு வட்டம். மற்ற இடமெல்லாம் இரைச்சல், அந்த வட்டத்துக்குள் மட்டும் சத்தம் இல்லை. பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்தி, பம்பையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். மணி மூன்று நாற்பது. அந்த நிலையிலும் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறேன்.

நடுவில் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்க மஞ்சள். தலை அவிழ்ந்திருந்தது. அவளுக்குப் பக்கத்தில் யார்யாரோ வேண்டுதலுக்குக் கொட்டிய உப்பும் மிளகும் முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தன. பதினைந்து நாளாக ஒரு கல் உப்பு நாக்கில் படாதவள், அவ்வளவு உப்புக்குப் பக்கத்தில். அவள் கை மடியில் இருந்தபடியே தூக்கித் தூக்கிப் போட்டது. கண் ஒரு பக்கமாக இழுத்து இழுத்து உதைத்தது. புடவையில் வாந்தி.

ஒரு பெண் அவள் முன்னால் விழுந்தாள். "தாயே, எம் மவளுக்கு எப்போ வழி பொறக்கும்?"

அஞ்சலையின் வாய் அசைந்தது. குழறலாக ஏதோ வந்தது. பக்கத்தில் இருந்த தாடிக்காரப் பெரியவர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "தை பொறந்தா வரேங்கறா" என்றார். கூட்டம் பெருமூச்சு விட்டது.

வட்டத்துக்கு வெளியே ஏழுமலை நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டார்.

"சாமின்றாங்க சார். எனக்குத்தான் ஒண்ணும் புரியல. ஓட்டமும் பாத்திருக்கேன், கெடப்பும் பாத்திருக்கேன். இது ரெண்டும் இல்ல. காலையில நடக்கச் சொல்ல குடிச்சவ மாதிரி தள்ளாடினா. மாத்திரை மட்டும் விடல சார், நீங்க சொன்னாமாதிரி வேளைக்கு வேளை ஊட்டிட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

நான் வட்டத்துக்குள் போனேன். "யோவ், செருப்பக் கழட்டுயா!" என்று ஒருவர் கத்தினார். கழற்றினேன். அவள் முன்னால் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து, அவள் வலது கையைத் தூக்கி நீட்டி, விரல்களின் மேல் வைத்தேன். தாள் ஒரு நொடி நின்றது. பிறகு துள்ளி உப்புக் குவியலில் விழுந்தது.

"வா அஞ்சல, போலாம்" என்று அவள் தோளைத் தொட்டேன். நாலைந்து கைகள் என்னைப் பிடித்து இழுத்தன.

"சாமி மேல கை வெக்கிறான் பாரு!"

"யாருய்யா இவன்?"

"ஆஸ்பத்திரி ஆளுய்யா. சாமிக்கு ஊசி போடப் போறானாம்!" யாரோ சிரித்தார்கள்.

அப்போது அஞ்சலையின் கண் என் மேல் நின்றது. அதுவரை ஒரு இடத்தில் நிற்காமல் உதைத்துக்கொண்டிருந்த கண்கள் ஒரு கணம் அசையாமல் நின்றன. இத்தனை நாளில் என்னை "சார்", "வாங்க, போங்க" என்று தவிர வேறு மாதிரி அவள் பேசியதில்லை. நான் அறிந்தவரை யாரையுமே நீ என்று சொல்லாதவள். குழறல் இல்லாமல், தெளிவாக, தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"நீ கேக்கல."

தாடிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கேக்காம எழுதின."

ரிஜிஸ்டர் திண்டிவனத்தில் மேசை மேல் இருக்கிறது. கேட்காமல் டிக் போட்டது எனக்கு மட்டும் தெரியும். காலையில் டாக்டரம்மாவிடம் சொன்ன பொய், இரண்டு பேர் மட்டும் கேட்டது.

"ஆத்தா கேக்குறா, பதில் சொல்லுய்யா!" என்றார் தாடிக்காரர். "என்னத்த கேக்கல நீ?"

நான் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற குடும்பம், மாதா கோயில். அந்த இடத்தில் எனக்கு அதெல்லாம் ஞாபகம் வரவில்லை. தெரிந்த ஒரே பதிலைச் சொன்னேன். "என்ன சாப்புட்டேன்னு கேக்கல. உப்பு போட்டியான்னு கேக்கல. கேட்டேன்னு எழுதிட்டேன். தப்புதான்." கை கூப்பியிருந்தேன் என்று காசிம் பாய் பிறகு சொன்னார்.

"அவ்ளோ பேர் முன்னால ஒத்துக்கினான் பாரு" என்றாள் ஒரு கிழவி.

"இப்ப என்ன பண்ணச் சொல்ற தாயே?" என்று தாடிக்காரர் அஞ்சலையின் வாயருகே காதை வைத்தார். அவள் உதடு அசைந்தது. மறுபடியும் குழறல்தான். எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. பெரியவர் நிமிர்ந்து சொன்னார்: "இவன்கூடப் போறேங்கறா. வழி வுடுங்க."

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. நானும் ஏழுமலையும் அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். வழி நெடுக ஆட்கள் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். என் காலையும் ஒருவர் தொட்டார்.

வேனிலேயே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். விழுப்புரத்தில் படுக்கையும் உப்புநீர்ப் பாட்டிலும் தயாராக இருந்தன. லித்தியம் நின்றது. உப்புநீர் ஏறியது. ரத்தத்தில் லித்தியத்தின் அளவைப் பார்த்த டாக்டரம்மா அந்தச் சீட்டை என்னிடம் காட்டாமல் மடித்துப் பையில் வைத்தார். அன்று இரவே புதுச்சேரிக்கு ரத்தச் சுத்திகரிப்புக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மூன்று நாள் நினைவு வரவில்லை. ஏழுமலை வராந்தாவில் உட்கார்ந்து, வருகிற போகிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்: "நான் மாத்திரை குடுத்ததுதான் தப்பா?" நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் தண்ணீர் கேட்டாள். பிழைத்துக்கொண்டாள். நடை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. அன்றிலிருந்து சுவரைத் தொட்டுக்கொண்டுதான் நடக்கிறாள்.

திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

"எப்பிடி மேடம்?"

"கேட்டிருந்தா சோறுன்ற கட்டத்துக்குப் பக்கத்துல ஏதாவது எழுதியிருப்ப. வெறும் டிக்கு. அஞ்சல என்னிக்காவது ஒரு வார்த்தையில பதில் சொல்லியிருக்காளா? கூழுன்னு ஆரம்பிச்சா அரைக்கறதுலேர்ந்து சொல்லுவா." ரிஜிஸ்டரை என் பக்கம் நகர்த்தினார். பேனாவைத் திறந்து கொடுத்தார். "நான் எழுத மாட்டேன். நீயே எழுது."

ஏழு டிக்கையும் கோடு போட்டு அடித்துவிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் "கேட்கவில்லை" என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஏழு தடவை. நடந்ததை மருத்துவமனை நிர்வாகத்துக்கும் எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் திண்டிவனம் போக எனக்கு அனுமதி இல்லை. ஏழுமலையிடம் தனியாகப் போய், தப்பு மாத்திரையிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை என்று சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அவ முன்னாலயே சொல்லிட்டீங்களே சார், அப்பறம் என்ன" என்றார்.

ஒரு கேள்வி மட்டும் எனக்கு மிச்சம் இருந்தது. அஞ்சலை தேறியபின் கேட்டேன்.

"கோயில்ல என்னப் பாத்து ஒண்ணு சொன்ன. ஞாபகம் இருக்கா?"

"கோயிலுக்கு நீங்க வந்தீங்களா சார்?"

"அதுக்கு முந்தின வியாழக்கிழம, நான் ரிஜிஸ்டர்ல எழுதுனத பாத்தியா?"

யோசித்தாள். "அன்னிக்கு நான் ஒங்களப் பாக்கவே இல்ல சார். சுவத்துல ரெண்டு பல்லி சண்டை போட்டுக்கினு இருந்துச்சு. அதத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். மூளை குழம்பிய நிலையில் எங்கோ பதிந்தது மேலே வரும் என்றார். "கண்ணு பாக்கலன்னா என்ன? கையை நீட்டிக்கினு காத்திருந்தது அவதானே. தாள் வரலன்னு கைக்குத் தெரிஞ்சிருக்கும்." அதுதான் சரியான விளக்கம் என்று நானும் நம்புகிறேன். ஆனால் "எழுதின" என்பது கைக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவளுடைய வரைபடத்தில் அந்த அமாவாசைப் புள்ளிக்கு நேராக எதைத் தீட்டுவது என்று தெரியாமல் காலியாக விட்டேன். அது ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

மாற்று மருந்து அவளுக்கு ஒன்றரை வருடம்தான் தாங்கியது. ஓட்டம் திரும்பி வந்தது. வேறு வழியில்லாமல் டாக்டரம்மா மறுபடி லித்தியத்தையே குறைந்த அளவில், அடிக்கடி ரத்தம் பார்த்து, தொடங்கினார். அதோடுதான் அவள் இன்றுவரை நன்றாக இருக்கிறாள். டாக்டரம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது.

நான் ஓய்வு பெற்ற பிறகு, திண்டிவனம் வீட்டின் பழைய சாவிக்கொத்து ஒன்று என்னிடம் இருந்தது; அதைக் கொடுப்பதற்காக, போன வருடம் ஒரு வியாழக்கிழமை அங்கே போனேன். வைகாசி, நல்ல வெயில். அறையில் ஏசி போட்டிருந்தார்கள். ரிஜிஸ்டர் இல்லை, ஒரு கம்ப்யூட்டர் திரை. புதிதாக வந்த செவிலியர் பொறுமையான பெண். எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, திரையைக் காட்டினார். நோயாளியின் பெயரைத் தொட்டதும் டாக்டரம்மாவின் ஏழு கேள்வியும் வரிசையாக வந்தன. ஏழுக்கும் பக்கத்தில் பச்சை டிக் ஏற்கெனவே இருந்தது.

"எல்லாம் சரின்னு அதுவே போட்டுக்கும் சார். தப்பு இருந்தா மட்டும் நாம எடுத்துட்டாப் போதும். டைம் மிச்சம்."

அடுத்து வந்தது அஞ்சலை. சுவரைத் தொட்டுக்கொண்டு, பின்னால் ஏழுமலை. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையை நேராக நீட்டினாள், உள்ளங்கை தரையைப் பார்க்க. செவிலியர் புன்னகையோடு அந்தக் கையை மெதுவாகத் திருப்பி, மாத்திரைக் கவரை வைத்தார்.

அஞ்சலை கவரைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, அவளுடைய சாதாரணக் குரலில், மரியாதையாகத்தான் சொன்னாள்:

"இவங்க கேக்கல சார்."

நான் எழுந்துவிட்டேன். ஏசியை அணைக்கச் சொன்னேன். "ஒரு வெள்ளைத் தாள் குடும்மா" என்றேன். செவிலியர் மேசையைத் தேடினார், இழுப்பறையைத் திறந்தார், வெளியே போய்க் கேட்டுவிட்டு வந்தார். அந்த வீட்டில் ஒரு தாள் இல்லை. எல்லாமே திரையில்தான்.

என் தோள்பையில் நாட்குறிப்பு இருந்தது. அன்றைய தாளைப் பிடித்துத் தையல் வரைக்கும் கிழித்தேன். அஞ்சலையின் விரல்களின் மேல் வைத்தேன். அறையில் சத்தமில்லை. ஓரம் சிலிர்த்தது. விழவில்லை.

"சோறு?" என்றேன்.

அவள் ஆரம்பித்தாள். விடியக்காலையில் எழுந்தது, கேப்பையைக் கரைத்தது, பக்கத்து வீட்டில் உப்பு வாங்கியது, அது ஈரமாக இருந்தது, அதனால் இரண்டு தரம் போட்டது. ஏழுமலை, "போதும்டி, அவங்களுக்கு வேல இருக்கு" என்றார். செவிலியர் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அஞ்சலை முடித்த பிறகு, தாகம் என்ன, வயிறு என்ன என்று அவரே ஒவ்வொன்றாகக் கேட்டார்.

அந்தத் தாளை நான் திரும்ப வாங்கவில்லை. அது இப்போது அந்த மேசையின் இழுப்பறையில் இருக்கிறது. வியாழக்கிழமைகளில் அதை எடுத்து யார் கையிலாவது வைக்கிறார்கள் என்று காசிம் பாய் போனில் சொன்னார். அன்றைக்கு அதில் என்ன எழுதியிருந்தீர்கள், தொலைந்தால் பரவாயில்லையா என்று செவிலியர் கேட்டு அனுப்பியிருந்தார். நான் நாட்குறிப்பை ராத்திரியில்தான் எழுதுவேன். காலை பதினொரு மணிக்கு அச்சடித்த தேதியைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.